கையிறுக்கிக் கோட்பாடு: தோட்டத்துக்கு வரும் சேவைச் சங்கங்கள் பற்றி ஒரு பேராய்வு

கொசுவின் இறக்கை முதல் கோயில் மணியின் நாக்கு வரை எதைப் பற்றியும் முனைவர் பட்டம் வாங்கலாம் என்றாகிவிட்ட காலத்திலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வந்து இறங்கும் சேவைச் சங்கங்களுக்கு அறிஞருலகம் உரிய இடம் தரவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வெல்லை லிங்கி முதல் பகாவ் வரை. எந்தச் சங்கம் என்று பெயர் சுட்டவில்லை. சுட்டினால் அடுத்த கூட்டத்தில் கறிபாப் கிடைக்காது.

தமிழாய்வு தொல்காப்பியத்தில் தொடங்குவது போல், சேவைச் சங்க ஆய்வு சிக்காகோவில் தொடங்கும். 1905 பிப்ரவரி 23 அன்று பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் நண்பர் மூவரோடு கூடி உட்கார்ந்தார், ரோட்டரி பிறந்தது. 1917இல் அதே ஊரில் மெல்வின் ஜோன்ஸ் லயன்ஸைத் தொடங்கினார். ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் கப்பலேறி வந்து ஊர் ஊராகப் பேசி 1930இல் மலாயாவில் ரோட்டரியை ஊன்றினார். சிரம்பானும் அப்போதே சக்கரத்தில் ஏறிக்கொண்டது. ரப்பர் விலை பாதாளத்தில் கிடந்த காலம் அது. தோட்டங்களில் வேலையில்லை என்று தமிழ்த் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இவ்விரு நிகழ்வுகளுக்கும் தொடர்பு இருப்பதாக எவரும் நிறுவவில்லை. கப்பல் மட்டுமே பொது.

இனி, கூட்டத்தின் திணை யாது என்னும் வினா. முதற்பொருளுள் நிலம், செம்பனைக்கு நடுவே நிற்கும் தோட்ட மண்டபம். இத்தகைய மண்டபம் இருக்க வேண்டும் என்பதற்கு 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டமே சான்று. சிறுபொழுது காலை ஒன்பது மணி, அழைப்பிதழில் மட்டும். பெரும்பொழுது பொதுத்தேர்தலுக்கு முந்தைய பருவம். கருப்பொருள் வருமாறு: தெய்வம், மண்டபத்துக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கும் முனியாண்டி; உணவு, மீ கோரிங்; விலங்கு, மேடைக்கடியில் உறங்கும் நாய்; பூ, பிளாஸ்டிக் ஆர்க்கிட்; பறை, வீச்சென்று கத்தும் ஒலிபெருக்கி. பால்மரங்கள் போனபின் இந்நிலம் பாலையே என்பாரும் உளர். அது பொருந்தாது. உரிப்பொருளை நோக்குக: சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருத்தலும் காத்திருத்தல் நிமித்தமும். எனவே முல்லை. தலைவன் தேரில் வராமல் புரோட்டோன் காரில் வருகிறான் என்பதே வேறுபாடு. தாமதத்தில் இருவரும் ஒருவரே.

அடுத்து மூலபாடம். மேடையின் பின்னே தொங்கும் பதாகையே நமக்குக் கிடைக்கும் ஒரே எழுத்துச் சான்று. அதுவும் ஆண்டுதோறும் புதிதாக எழுதப்படுவதில்லை. பழைய பதாகையில் ஆண்டின் மேல் மட்டும் ஒரு துண்டு ஒட்டப்படும். அதன்மேல் மறு ஆண்டு இன்னொன்று. ஒட்டுத் துண்டுகளை அடுக்கடுக்காக உரித்தால் சங்கத்தின் முழு வரலாறும் கிடைக்கும் என்று நாற்காலி அடுக்குவோர் உரை கூறுகிறது (மண்டபச் சுவடி, பசை படலம், இரண்டாம் உரிப்பு). கீழடிக்குச் செலவான பணத்தில் நூற்றில் ஒரு பங்கு தந்தால் நாமும் தோண்டிக் காட்டுவோம்.

விருந்தினர் பேச்சாளர் பல வகையினர். மருத்துவர்: உண்மையைச் சொல்வார், ஆதலால் விரைவில் முடித்துக்கொள்வார். தண்ணீர் வடிகட்டி விற்பவர்: உடல்நலப் பேச்சாளர் என்றே அழைப்பிதழில் காணப்படுவார். காப்புறுதி முகவர்: மரணத்தில் தொடங்கி மாதத் தவணையில் முடிப்பார். ஒய்.பி. எனப்படும் மக்கள் பிரதிநிதி: வருவார், அல்லது வர இயலாமைக்கு ஒருவரை அனுப்புவார், அனுப்பப்பட்டவர் நீண்ட நேரம் பேசுவார்.

இவர்களுள் தன்முனைப்புப் பேச்சாளர் சற்று விரித்துரைக்கத்தக்கவர். விடியலில் எழுந்து பிரட்டுக்குப் போய், மங்கு கழுவி, வாளி சுமந்து ஐம்பது ஆண்டு உழைத்த ஒருத்தியிடம், "வாழ்க்கையில் முன்னேற விடியற்காலையில் எழ வேண்டும்" என்று இவர் சொல்வார். அவள் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டல் உடன்பாடா, உறக்கமா என்பதில் உரையாசிரியர்கள் மாறுபடுகின்றனர். உடன்பாடு என்பது முன்வரிசை மரபு. உறக்கம் என்பது பின்வரிசை மரபு. இரண்டும் அல்ல, அவள் கழுத்துச் சுளுக்கு என்பது தேநீர்க் கலயத்தருகே நின்றோர் கூற்று (எழுதாக் கிளவி, இரண்டாம் கோப்பை, மூன்றாம் மிடறு).

பேச்சின் உறுப்புகளுள் தலையாயது விளி. டத்தோ, டத்தின், சங்கத் தலைவர், முன்னாள் தலைவர், அவருக்கும் முன்னாள் தலைவர், தோட்ட நிர்வாகி, தலைமையாசிரியர், அர்ச்சகர் என இறங்கி வந்து, "பொதுமக்களே" என்று முடியும்போது பொதுமக்களில் பாதிப்பேர் வெளியே போய்ச் சிகரெட் பற்ற வைத்திருப்பார்கள். இதைப் பழிக்க நமக்குத் தகுதியில்லை. 1966இல் தனிநாயகம் அடிகள் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்தியபோது அறிஞர்கள் கட்டுரை படிக்க வந்தார்கள். இப்போதைய மாநாடுகளுக்குச் சான்றிதழ் வாங்கவும் மேடையில் படம் எடுத்துக்கொள்ளவும் வருகிறார்கள் என்று மேற்படிக் கலயத்தார் கூறுவர். அக்கூற்றை நாம் வழிமொழியவில்லை. மறுக்கவும் இல்லை.

இனி ஆய்வின் உயிர்நிலையாகிய உடல்நலத் திட்டங்களுக்கு வருவோம். கண் முகாம்: 1925இல் ஒஹாயோவில் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் விடுத்த வேண்டுகோளின் நெடுங்கிளை, நல்லது. இரத்த தானம்: ஊசியைக் கண்டதும் உறுப்பினர்கள் அனைவரும் புகைப்படக் கலைஞர்களாகிவிடுவர்.

இரத்தக் கொதிப்புச் சோதனை மட்டும் அவ்வளவு எளிதில் கடந்து போகத்தக்கதன்று. இங்குதான் நமது கையிறுக்கிக் கோட்பாடு பிறக்கிறது.

லிங்கி ஆற்றை ஒட்டிய பெங்காலான் கெம்பாஸில் பழங்கல் தொகுதி ஒன்று உண்டு. 1467இல் மாண்ட அஹ்மத் மஜ்னுவின் கல்லறை அங்கே இருக்கிறது. காவி எழுத்து ஒரு பக்கம், ஜாவி எழுத்து ஒரு பக்கம் என்று பொறித்த கல்வெட்டும் இருக்கிறது. அருகே நெட்டுக்குத்தாக நிற்கும் மூன்று கற்களை வாள், கரண்டி, சுக்கான் என்று மக்கள் அழைக்கிறார்கள். சுக்கான் தலைவரையும், வாள் பொருளாளரையும், கரண்டி ஏனைய உறுப்பினரையும் குறிக்கும் என்பது வெளிப்படை. ஆகவே நெகிரி செம்பிலானில் சேவைச் சங்கம் சிக்காகோவுக்கு முந்தியது. அது நிற்க. அத்தொகுதியில் வட்டத் துளையிட்ட கல் ஒன்றும் இருக்கிறது. துளைக்குள் கையை விட்டு ஆணையிட வேண்டும். பொய் சொன்னால் கல் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது அவ்வட்டாரத்தார் நம்பிக்கை.

கை உள்ளே போகிறது. கேள்வி கேட்கப்படுகிறது. இறுகுகிறது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

மேலை அறிஞர் இதை ஏற்கமாட்டார்கள். கையில் பட்டை கட்டிக் காற்றடைக்கும் கருவியை 1896இல் இத்தாலியில் ரிவா-ரோச்சி அமைத்தார் என்பார்கள்; பட்டைக்குக் கீழே எழும் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையை 1905இல் ரஷ்யாவில் கொரொட்கோவ் சொன்னார் என்பார்கள். 1905! சிக்காகோவில் பால் ஹாரிஸ் கூட்டம் போட்ட அதே ஆண்டு. இருவரும் சந்தித்ததற்குச் சான்று இல்லை. சந்திக்கவில்லை என்பதற்கும் சான்று இல்லை. இவ்வளவு ஆதாரத்தை வைத்துக்கொண்டு நம்மவர் குமரிக்கண்டத்துக்கே வரைபடம் போட்டிருக்கிறார்கள்.

களச் சான்று ஒன்று. தாதிமை படிக்கும் பெண் ஒருத்தி மேசைக்கு அந்தப் பக்கம். ஓய்வுபெற்ற தண்டல் ஒருவர் இந்தப் பக்கம், சட்டைக் கையை மடித்துவிட்டு.

"ஐயா, ஊறுகா, கருவாடெல்லாம் கொறச்சிட்டீங்களா?"

"கருவாட்டத் தொட்டே வருசமாச்சும்மா."

டர்ரென்று பட்டை இறுகுகிறது. முகம் கோணுகிறது. திரையில் 168, கீழே 102. வரிசையில் பின்னால் நின்ற மனைவி குனிந்து, "அப்ப நேத்து ராத்திரி சட்டிய வழிச்சது யாரு?" என்கிறார்.

இக்கோட்பாட்டுக்கு மறுப்பு எழாமலில்லை. உண்மை சொல்பவர் கையையும் பட்டை இறுக்குகிறதே, அதற்கென்ன விடை என்று தளர்வாதிகள் கேட்பர். இறுக்கவாதிகள் தரும் விடை கூர்மையானது: இலவச முகாமில் உண்மை சொன்னவர் எவரும் இதுவரை பதிவாகவில்லை, எனவே அவ்வையம் எழ இடமில்லை (காண்க: சமையற்கட்டு மரபு, தாளிப்புப் படலம், கறிவேப்பிலைக்கு மூன்று விரற்கடை கீழே, ஒப்பிடுக: மேற்படி நூலின் கருகிய பாடம், சட்டியின் அடிப்பகுதி, சுரண்டி வாசிக்க). கருகிய பாடத்தில் "இலவச" என்பதற்குப் பதில் "இலவம்" என்றிருப்பதாக ஒருவர் எழுதிய மறுப்புரைக்கு வேறொருவர் எழுதிய மறுப்பின் மறுப்பு, மீ கோரிங் பொட்டலம் கட்டிய தாளில் எண்ணெய் படர்ந்து கிடைத்துள்ளது. எண்ணெய் ஊறிய இடத்தில் எழுத்துகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன.

கோட்பாட்டுக்கு அடங்காத நேர்வு ஒன்றே ஒன்று. தோட்ட லைன் வீடுகளில் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும். தமிழர் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்ககங்களுக்கும் போய்விட்டார்கள். "தோட்ட மக்களுக்கான மாபெரும் மருத்துவ முகாமுக்கு" தோட்ட மக்களைச் சிரம்பானிலிருந்து பேருந்து வைத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்போது ரப்பர் பூட்ஸோடு வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வங்காளதேச இளைஞன் ஒருவன், கையை நீட்டி "போலே?" (முடியுமா?) என்றான். உட்கார வைத்தார்கள். அவனுக்குத் தமிழ் தெரியாது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவனும் எதுவும் சொல்லவில்லை. பட்டை அவனையும் இறுக்கியது. படிவத்தில் அவனுக்குக் கட்டம் இல்லாததால் செயலாளர் "லாயின்-லாயின்" (ஏனையோர்) என்பதில் ஒரு கோடு போட்டார். அறிக்கையில் அக்கோடு தட்டச்சுப் பிழையாகக் கருதி நீக்கப்பட்டது.

இனிப்பு நீர்ச் சோதனை பற்றிச் சில சொற்கள். வெறும் வயிற்றோடு வருக என்பது அழைப்பிதழ். பதிவு மேசையிலேயே நாசி லெமாக் என்பது நடைமுறை. வெறும் வயிற்றில் 7.0ஐ எட்டினால் நோய் என்று மருத்துவ நூல் சொல்லும். உண்டது அரைமணிக்கு முன், நெத்திலிச் சம்பலோடு எனில் அந்த எண்ணை எந்த நூலும் ஏற்காது. எனவே அதை "நாசி லெமாக் அளவு" என்று தனியே வகுக்கிறோம். இந்த எண்ணைத் தமிழகத்து உறவினரிடம் தொலைபேசியில் சொல்லிப் பயனில்லை. அங்கே அளவலகு வேறு. பதினெட்டால் பெருக்கிச் சொன்னால்தான் அவர்களுக்குப் பயம் வரும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது, இந்தியர்களிடையே 31.4. நோயுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. இந்தப் பத்தியில் நகைச்சுவை வைக்க இடம் கிடைக்கவில்லை.

உறுப்பினர் செயல்பாடுகள்: கூடுதல், உண்ணுதல், தண்டம் கட்டுதல். மூன்றாவதற்கு லயன்ஸ் மரபில் வால் முறுக்குநர் என்று ஒரு பதவியே உண்டு. சின்னம் அணியாதவர், தாமதமாக வந்தவர், சிரிக்காதவர் எவரிடமும் அவர் தண்டம் பிடிக்கலாம். வந்திருக்கும் உறுப்பினர் அனைவரும் ஒருமித்தால் ஒழிய அவர்மேல் யாரும் தண்டம் போட முடியாது. தமிழ்ச் சங்கம் ஒன்றில் அனைவரும் ஒருமித்தல் என்பது நடவாது. ஆகவே இப்பதவிக்குப் போட்டி கடுமை.

நிறைவாகக் கதவளவுக் காசோலை. நலிந்த குடும்பத்துக்கு ஐந்நூறு வெள்ளி தரப்படும்போது அதை ஒரு கதவின் அளவுள்ள அட்டையில் அச்சிட்டு நான்கு பேர் பிடிப்பார்கள். பெறுபவர் அட்டைக்குப் பின்னால் மறைந்துவிடுவதால், படத்தில் கொடுத்தவர்கள் மட்டுமே தெரிவார்கள். தொகைக்கும் அட்டைக்கும் எதிர்விகிதம் நிலவுகிறது: தொகை குறையக் குறைய அட்டை நீளும். நூறு வெள்ளிக் காசோலையைத் தூக்க கோத்தோங் ரோயோங் தேவைப்படும் நாள் வரும்.

தொடர் சிகிச்சை: இத்தலைப்பின்கீழ்த் தரவு கிடைக்கவில்லை. ஒரு பாட்டி மட்டும், எண் எழுதிய துண்டுச் சீட்டைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டே, நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்த செயலாளரிடம், "தம்பி, இதக் கொண்டுபோய் எங்க காட்டணும்?" என்று கேட்டார்.

"பத்திரமா வச்சிருங்க பாட்டி."

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கே போக வேண்டும் என்று அந்தத் தம்பி சொல்லியிருக்கலாம்; வேனில் இடமிருந்தால் கூட்டிக்கொண்டும் போயிருக்கலாம். வேனில் காசோலை படுத்திருந்தது. "பத்திரமா" என்றதன் உட்கிடையை ஆராய மூன்றாண்டுத் திட்டம் ஒன்று வகுத்து, நிதியுதவி கோரி உரிய இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பியுள்ளோம். தருவதாயின் ரொக்கமாகத் தருக. எம் வீட்டுக் கதவு சிறியது.