கத்தாத சக்கரம்

மதுரையில் நின்றுகொண்டு, வண்டிக்குப் பிரேக் சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது. டீக்கடையில் சொன்னால் டீ ஆறுவதற்குள் மூன்று தீர்ப்பு வந்துவிடும். ஊர் வாகு அப்படி. 1911-இல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் ஆரம்பித்த டி.வி.எஸ். வேர்விட்டது இங்கேதான். லாட ஆணி குத்தி டயர் பஞ்சராகாமலிருக்க, காந்தம் கட்டிய வண்டியை விட்டுச் சாலையைப் பெருக்கினார்கள் என்று பெருசுகள் இன்றும் கதை சொல்வார்கள். அதே குடும்பத்திலிருந்து 1962-இல் பிரேக்ஸ் இந்தியா கம்பெனியும் வந்தது. அது சென்னை பாடியில் இருந்தால் என்ன? தாத்தாவோ சித்தப்பாவோ டி.வி.எஸ்.ஸில் வேலை பார்த்த எவருக்கும் பிரேக் பற்றிப் பேசப் பரம்பரை உரிமை உண்டு. எங்கள் பசுமலையில் அப்படி ஒரு தாத்தா இல்லாதவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

எங்கள் வண்டி பழைய மாருதி ஆம்னி. 1984-இல் மாருதி வேன் என்று பிறந்த ஜாதி. மோதல் பாதுகாப்பு விதிகள் கடுமையானதும் 2019-இல் உற்பத்தி நின்றது. தமிழ் சினிமாவில் இதன் கதவு சர்ரென்று திறந்தால் யாரையோ கடத்தப் போகிறார்கள் என்று அர்த்தம். நாங்களும் கடத்துகிறோம், சொந்தக்காரர்களை, திருப்பரங்குன்றம் கல்யாணங்களுக்கு. 796 சி.சி. இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் சூடாக உட்கார்ந்திருக்கும். வண்டிக்கு மூக்கு கிடையாது. முன்னால் போகிற பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவே கொஞ்சம் தகரம், ஒரு கண்ணாடி, பிறகு என் முழங்கால். இப்படிப்பட்ட வண்டியில் பிரேக் என்பது ஓட்டுகிறவரின் சொந்த உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

அதுவும் முகூர்த்த நாளில் பசுமலையிலிருந்து திருப்பரங்குன்றம் போகும் சாலையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் ஊரில் பாதிக் கல்யாணம் அங்கேதான். முன்னால் போகிற ஆட்டோ எந்த நொடியிலும் நிற்கும். ஏன் என்று கேட்கக் கூடாது. பூ வாங்க மறந்திருப்பார்கள்.

பின்சக்கர டிரம் இரண்டிலும் வரி விழுந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். மாற்றினார்கள். “லைனிங் இன்னும் நல்லாத்தேன் இருக்கு” என்று பழைய ஷூவையே உள்ளே வைத்து மூடினார்கள். அன்றைக்கே ஆரம்பித்தது. பெடலை மிதித்தால் தரை வரை போகும். உடனே இன்னொரு மிதி மிதித்தால் மேலேயே நிற்கும். கூடவே பின் இடது சக்கரம் கிறீச்சென்று கத்தி, தேய்த்துக்கொண்டே நிற்கும். வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக ஒசியும்.

ஆலோசனைகள் வரிசை கட்டின. பிரேக் ஆயிலில் காற்று ஏறிவிட்டது என்றார் மச்சான். மாஸ்டர் சிலிண்டர் போச்சு என்றார் எதிர்வீட்டுக்காரர். அவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். இடது சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லாதவர் யாருமில்லை. கத்துவது அதுதானே? பட்டறையிலும் அதையே திரும்பத் திரும்பக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மாட்டி, காசு வாங்கிக்கொண்டார்கள். மாமனார் மட்டும் இயந்திரத்தில் நம்பிக்கை வைக்கவில்லை. “கண்ணு பட்டிருக்கு மாப்ளே” என்று நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தார். நான் ஏற்றி நசுக்கினேன். பழம் நசுங்கியது, ஆனால் வண்டி சொன்ன இடத்தில் நிற்கவில்லை.

கடைசியில் பழங்காநத்தம் பக்கம் தனியாளாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் போனோம். அதிகம் பேசாதவர். மதுரையில் மெக்கானிக்குக்கு இது தொழில் ரீதியான குறைபாடு. நான் கதையை ஆதியிலிருந்து ஆரம்பித்ததும் கை காட்டி நிறுத்திவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து, பெடலை மிதித்தார். பெடல் மேலேயே நின்றது. “காத்தும் இல்ல, மாஸ்டரும் நல்லாருக்கு” என்றார்.

பிறகு இரண்டு மூன்று வாக்கியம் கூடுதலாகவே பேசினார். காற்று இருந்தால் பெடல் மெத்தென்று அமுங்கும். மாஸ்டர் சிலிண்டர் கசிந்தால், மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெதுவாக இறங்கும். ரெண்டாவது மிதிக்கு ஏறி, கெட்டியாக நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி அதிகம். ஹேண்ட் பிரேக் ஷூவை ஏற்கெனவே விரித்து வைப்பதால் அப்போது பெடல் உயர்ந்தது. தேய்ந்த டிரம்மை விடப் புது டிரம்மின் உள்வட்டம் சிறியது. பழைய ஷூ உள்ளே போக மறுத்திருக்கும். அட்ஜஸ்டரைத் தளர்த்தி நுழைத்திருக்கிறார்கள், திரும்ப இறுக்கவில்லை. பெரிய வட்டத்துக்குத் தேய்ந்து பழகிய லைனிங், சின்ன வட்டத்தில் இரண்டு நுனியில் மட்டும்தான் உரசும். பாதிக் கத்தல் அதனால்.

மீதிப் பாதிக்கு வண்டியை ஒரு சுற்று ஓட்டி, பிரேக் பிடித்துப் பிடித்து வரச் சொன்னார். திரும்பி வந்ததும் குடத்துத் தண்ணீரில் விரலை நனைத்து, தோசைக்கல் காய்ந்ததா என்று பார்ப்பது போல இடது டிரம்மில் தெளித்தார். சுர்ரென்றது. வலது டிரம்மில் தெளித்தார். தண்ணீர் நிதானமாக வழிந்து தரைக்குப் போனது.

“கத்துறவன் வேலை பாக்குறான் சார். இவன்தேன் சும்மா சுத்துறான்.”

வலது சக்கரத்தைக் கழற்றினால், துருப்பிடிக்காமலிருக்கக் கடையில் பூசி அனுப்பிய எண்ணெய் டிரம்மின் உள்ளே அப்படியே பளபளத்தது. துடைக்காமலே மாட்டியிருக்கிறார்கள். லைனிங் அதைக் குடித்துக் குளிர்ச்சியாக இருந்தது. இரண்டு பேர் இழுக்க வேண்டிய வேலையை ஒருவனே இழுத்ததில் இடது சக்கரம் இறுகி நின்று கூப்பாடு போட்டிருக்கிறது. அதைத்தான் நாங்கள் எல்லோரும் கூடித் திருத்தியிருக்கிறோம். எங்கள் அலுவலகத்தில் யாருக்கு மெமோ போகும் என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவிப் பயனில்லை என்று இரண்டு பக்கமும் புது ஷூ போட்டார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பழைய கதையே திரும்பும். உள்ளே இருந்த தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தார். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. கொஞ்ச நாளைக்குச் சடன் பிரேக் அடிக்காமல், ஷூவும் டிரம்மும் உட்கார விடுங்கள் என்றார். சடன் பிரேக் அடிக்காமல் முகூர்த்த மாசத்தில் எப்படித் திருப்பரங்குன்றம் போவது என்று கேட்டேன். “ட்ரெயின்ல போங்க” என்றார்.

பசுமலை மேல் பழைய மில் துரைகளின் பங்களா ஓட்டலாகியிருக்கிறதே, அந்தச் சரிவில் வண்டியை இறக்கிப் பார்த்தேன். சத்தமில்லை, ஒசிவில்லை, முதல் மிதிக்கே நின்றது. மாமனார் பின்சீட்டிலிருந்து, எலுமிச்சை வேலை செய்யக் கொஞ்சம் நாள் பிடிக்கும் என்றார்.

ஒரே ஒரு கணக்குதான் தீரவில்லை. பழைய டிரம் எங்கே என்று அந்த அண்ணன் கேட்டார். ஒன்று எங்கள் வீட்டு வாசலில்தான் கிடந்தது. வந்தவர் கேலிப்பரை வைத்து அளந்தார். எந்த அளவு வரை தேயலாம் என்று அதன் மேலேயே வார்த்திருந்த எண்ணைத் துடைத்துக் காட்டினார். இன்னும் இடமிருந்தது. லேத்தில் ஒரு கடைசல் போட்டிருந்தால் இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும் என்றார். அதை எடுத்துப் போக அவர் மறுபடி வந்தபோது முடியவில்லை. மச்சான் அதற்குள் அதில் சிமெண்ட் ஊற்றி, கம்பி நட்டு, ‘இங்கே வண்டியை நிறுத்தாதீர்’ என்று பலகை மாட்டியிருந்தார்.