கரையான் தின்ன மொய் நோட்டு

வாடா பேராண்டி, இப்பிடித் திண்ணையில ஒக்காரு. என்னமோ லாஜிக் புரோகிராமிங்னியே! தெரிஞ்ச உண்மையையும் விதியையும் எழுதிக் குடுத்துட்டா, மத்தத மிசினே யோசிச்சுக்குமாமே? 1972-ல பிரான்சு தேசத்து மார்செய்ல புரோலாக்னு ஒண்ணு செஞ்சாகளாம். நல்லது. யோசிக்க ஆளில்லாத வீட்டுக்கு ஆகும்.

சரி, எழுதிக் குடுக்காததக் கேட்டா? "தேடுனேன், கெடைக்கல, அதனால இல்ல"ங்குமாம்! இதுக்கு 1978-ல கீத் கிளார்க்னு ஒரு தொரை இலக்கணமே எழுதியிருக்காராம். அதே வருசம் ரெய்ட்டர்னு இன்னொருத்தரு, ஏட்டுல இல்லாதது உலகத்துலயே இல்லன்னு வச்சுக்கிட்டா எப்பிடின்னு கணக்குப் போட்டாராம்.

ஏண்டா, என் இடுப்புக் கொத்துல ஏழு சாவி. ஏழையும் போட்டுப் பாத்தேன், பூட்டு தெறக்கல. அப்ப அந்தப் பூட்டுக்குச் சாவியே கெடையாதாக்கும்? இந்தத் திண்டுக்கல்லுல இருந்துக்கிட்டுச் சொல்லிப் பாரு, பூட்டு ஆசாரி சிரிப்பாரு.

மணிமேகலையில அறியுற வழிகள அடுக்கையில 'அபாவம்'னு ஒண்ணு வரும். இந்தப் பொருளு இந்த எடத்துல இல்லன்னு அறியுறது. 'இந்த எடத்துல'. கவனிச்சியா?

அதுக்காக அந்தத் தொரைகள ஒரேயடியா ஏசவும் கூடாது. மொய் நோட்ட எடுத்துக்க. பேரு இருந்தா செஞ்சான், இல்லாட்டி செய்யல. நோட்டு முழுசா இருக்கவரைக்கும் அது சரி. நம்ம வீட்டு நோட்டுல மூணாவது ஏட்டக் கரையான் தின்னுருச்சே! நீ மிச்சத்த மட்டும் லேப்டாப்புல ஏத்திப்புட்டு, "வத்தலக்குண்டுத் தாத்தா நமக்கு மொய்யே செய்யல"ன்னு அடிச்சுச் சொன்ன. நானும் சிறுமலைப் பழம் ஒரு சீப்போட அவுக வீட்டுக் காதுகுத்துக்குப் போய்ட்டேன். பந்தியில பக்கத்துல வந்து ஒக்காந்தவரு, "மச்சான், ஒங்க வீட்டு விசேசத்துல ஆயிரத்தொண்ணு செஞ்சேனே, நெனவிருக்கா?"ங்கிறாரு. கறித்துண்டு உள்ளயும் போகல, வெளியவும் வரல.

'இல்ல' வேற, 'தெரியல' வேற. எங்க ஆத்தாவுக்குத் தெரியும். புரோலாக்கு வந்து இருவது வருசம் போல கழிச்சு, 1991-லதான் கெல்ஃபாண்டு, லிஃப்சிட்சுன்னு ரெண்டு பேரு அதப் பிரிச்சுக் காட்டுனாகளாம். ஆமான்னு சொல்ல வழி கெடைக்காத 'இல்ல' ஒண்ணு, இல்லவே இல்லன்னு தெரிஞ்ச 'இல்ல' இன்னொண்ணு. பள்ளிக்கூட பஸ்ஸு தண்டவாளத்தத் தாண்டுற கதைய அதுக்குச் சொல்வாகளாம். "ரயிலு வருதுன்னு சேதி இல்ல, நீ போ"ன்னா பஸ்ஸு என்னாகும்? ரயிலு வரலன்னு தெரியணுமா வேணாமா?

நம்ம கேட்கீப்பரப் போயிப் பாரு. ஸ்டேஷன் மாஸ்டர் போன் போடுவாரு. இவரு கேட்ட அடைச்சுப்புட்டு ஒரு பிரைவேட் நம்பரச் சொல்லணும். அத எழுதிக்கிட்டாத்தான் மேக்கொண்டு சிக்னலு. "கேட்டு தெறந்திருக்குன்னு யாரும் சொல்லலியே"ன்னு ரயில விட்டுருவாரா? அவரு எந்தக் காலேசுல படிச்சாரு?

அது கெடக்கட்டும். காலையில தரகரு வந்துட்டுப் போனாரு. பொண்ணு வீட்டுல ஒன்னயப் பத்தி நல்லா விசாரிச்சுட்டாகளாம். பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லியாம். "யாருகிட்டய்யா விசாரிச்சாக?"ன்னேன்.

ஒங்க அப்பத்தாகிட்டயாம்.