புயல் கூண்டும் நிகழ்வறிவிப்பு லைப்ரரியும்: காசிமேடு முதல் எண்ணூர் வரை ஓர் ஆய்வு

பட்டன் அழுத்தப்பட்டது, இணையம் போனது என்று ஆப்பின் ஒரு மூலையில் நடப்பதை மற்ற மூலைகளுக்குச் சொல்ல ஐம்பது வரி நிரல் போதும். எழுதுவோர் அதோடு நிற்பதில்லை. முன்னுரிமை, வடிகட்டி, பதிவேடு என்று அடுக்கி, ஆப்பைவிட லைப்ரரியைக் கனக்க வைத்துவிடுகிறார்கள். இலகுவான லைப்ரரிக்கு வேண்டியதெல்லாம் சென்னை, எண்ணூர் துறைமுகங்களின் புயல் எச்சரிக்கைக் கூண்டில் ஏற்கெனவே இருக்கிறது என்பது இவ்வாய்வின் துணிபு. 1864ஆம் ஆண்டுப் புயலில் அடிபட்ட கல்கத்தா, மறு ஆண்டே துறைமுக எச்சரிக்கை முறையைத் தொடங்கியது. 1898இல் இந்தியத் துறைமுகங்களுக்குப் பொதுமுறை வந்தது. நிரலாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூல் இதே வேலைக்கான ‘அப்சர்வர்’ முறையை விவரித்தது 1994இல். ‘நாங்களே முந்தி’ என்ற உரிமைக் கோரிக்கையைத் துறைமுகம் இன்னும் எழுப்பவில்லை, பெருந்தன்மை.

சான்றுக்கு வருவோம். அப்சர்வர் முறையில் அறிவிப்பவர் கையில் லிசனர்களின், அதாவது அறிவிப்பைக் கேட்கும் நிரல்களின், பட்டியல் இருக்கும். வேலை முடிந்த லிசனரை நீக்க மறந்தால் அது நினைவகத்திலேயே குடியிருக்கும். நோட்.ஜேஎஸ் என்ற நிரல் தளம் ஒரே நிகழ்வுக்குப் பத்துக்கு மேல் லிசனர் சேர்ந்தாலே எச்சரிக்கை விடும். கூண்டுக்கோ பட்டியலே கிடையாது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எத்தனை விசைப்படகு நிற்கிறது என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்க, யார் பெயரையும் எந்த ஏட்டிலிருந்தும் அடிக்க வேண்டியதில்லை. இன்னொரு நுட்பம்: சாதாரண லைப்ரரியில் நிகழ்வு ஒருமுறை கூவிவிட்டு மறைந்துவிடும், பிந்தி வந்த லிசனருக்கு ஒன்றும் கேட்காது. கூண்டு இறக்கும்வரை தொங்கும். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளுமாக, தாமதமாகத் திரும்பும் படகுக்கும் அதே செய்தி. செய்தியும் வெறும் ‘ஆபத்து’ அல்ல. கூண்டு எண் 5 என்றால் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுப் புயல் கடக்கும், 6 என்றால் வலப்பக்கம், 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ அருகிலேயோ. 8, 9, 10 இதே வரிசையில் தீவிரப் புயலுக்கு. ஓர் எண்ணில் வகையும் திசையும் அடங்கிவிட்டன.

மறுப்பு ஒன்று: எண்ணின் பொருள் யாருக்கும் தெரியவில்லை, ஒவ்வொரு புயலுக்கும் தொலைக்காட்சிகள் முதலிலிருந்து பாடம் நடத்துகின்றன. உண்மைதான். ஆனால் கூண்டு பேசுவது துறைமுகத்தோடும் கப்பல்களோடும். வரவேற்பறையில் அமர்ந்திருப்பவர் தன்னைத்தானே சேர்த்துக்கொண்ட லிசனர். அவருக்காகக் கூண்டில் விளக்கவுரை தொங்கவிட்டால் மீண்டும் கனமான லைப்ரரிதான். மறுப்பு இரண்டு: கைப்பேசியில் குறுஞ்செய்தி வரும் காலத்தில் கூண்டு எதற்கு? குறுஞ்செய்திக்கு எண்களின் பட்டியல் வேண்டும், கோபுரம் வேண்டும், பெறுபவரிடம் சார்ஜ் வேண்டும். கூண்டைப் பார்க்கக் கண் போதும். கண்ணுக்கு எட்டாத ஆழ்கடல் படகுக்குக் கூண்டு உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆய்வின் மகுடம் 11ஆம் எண். வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்தது, நிலைமை மோசமாகலாம் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். சேதி வராததையே ஒரு சேதியாக்கும் இந்த வசதியைப் பல லைப்ரரிகள் மறந்தே போகின்றன. சர்வர் செத்தாலும் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. குறை ஒன்றே ஒன்று: கூண்டின் கயிறே அறுந்தால் அதைச் சொல்ல எண் இல்லை. 12 என ஒன்றைச் சேர்க்கப் பரிந்துரைக்கிறோம். அதை எந்தக் கயிற்றில் ஏற்றுவது என்பது மேலாய்வுக்குரியது.