ஒக்ரானாவின் செல்லப்பிள்ளைகள்

நாளைக்கே உங்களைக் கூப்பிட்டு, தீவிரவாத ஒழிப்பு உளவுப்பிரிவு ஒன்றுக்குத் தலைவராகப் போடுகிறோம் என்று யாராவது சொன்னால், ஆர்டரைக் கையில் வாங்குவதற்கு முன்னால் ஜார் காலத்து ரஷ்யாவின் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது. அந்த வேலையில் என்னென்ன செய்யக் கூடாதோ அத்தனையையும் அங்கே ஒக்ரானா என்ற ரகசியப் போலீஸ் சிரத்தையாகச் செய்து பார்த்திருக்கிறது. சிலவற்றை இரண்டு தடவை.

1881 மார்ச்சில் ஜார் இரண்டாம் அலெக்சாண்டரைப் புரட்சிக்காரர்கள் குண்டு வீசிக் கொன்றார்கள். அரசாங்கம் வழக்கப்படி விழித்துக்கொண்டது. ஒக்ரானாவுக்குப் பணம் வந்தது, ஆள் வந்தது, தலைநகர் பீட்டர்ஸ்பர்கில் தலைமைக்கு லெஃப்டினன்ட் கர்னல் சுதெய்கினும் வந்தார். கெட்டிக்காரர். புரட்சிக்காரனைப் பிடித்து ஜெயிலில் போடுவது அவர் பார்வையில் வீண்செலவு; பேசிப் பேசி நம் பக்கம் இழுத்துவிட்டால் அவனே மற்றவர்களைப் பிடித்துக் கொடுப்பான் என்பது அவர் கட்சி.

1882 டிசம்பரில் செர்கெய் டெகாயெவ் என்ற முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி மாட்டினார். சுதெய்கின் அவரை உட்கார வைத்து ஆசை காட்டினார்: புரட்சியை நீ பார்த்துக்கொள், அரசாங்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், ரஷ்யா நம் இருவர் கையில். அடுத்த மாதமே டெகாயெவ் ‘தப்பித்தார்’. காவலர் கண்ணில் புகையிலைத் தூளை வீசிவிட்டு ஓடி வந்ததாகத் தோழர்களிடம் அளந்தார், அவர்களும் நம்பினார்கள். அதற்கடுத்த மாதம் புரட்சிக்காரர்களின் கட்சிக்குத் தூணாக இருந்த வேரா ஃபிக்னர் பிடிபட்டார். சுதெய்கினுக்குத் தலைகால் புரியவில்லை. வேலையை ராஜினாமா செய்துவிட்டு, தன் மந்திரியையே டெகாயெவ் கும்பலை வைத்துத் தீர்த்துக்கட்டி, நாடு நடுங்கும்போது தன்னைத் திரும்பக் கூப்பிட வைக்கலாம் என்றுகூட அவர் திட்டம் போட்டதாக டெகாயெவ் பின்னால் சொன்னார். சொன்னவர் டெகாயெவ் என்பதால் பாதியைத் தள்ளிவிடலாம். மீதியே போதும்.

ஆனால் டெகாயெவுக்கு உறுத்தல் தாங்கவில்லை. வெளிநாட்டில் இருந்த கட்சித் தலைவர்களிடம் போய் எல்லாவற்றையும் கக்கினார். ‘உன் உயிர் வேண்டுமானால் சுதெய்கின் உயிரைக் கொண்டு வா’ என்பது அவர்கள் தீர்ப்பு. 1883 டிசம்பரில் டெகாயெவின் வீட்டுக்கு வழக்கம்போல் வந்த சுதெய்கின் அங்கேயே கொல்லப்பட்டார். டெகாயெவ் தலைக்கு அரசு 10,000 ரூபிள் விலை வைத்து ஊரெல்லாம் படம் ஒட்டியது. ஆசாமி அமெரிக்கா போய், அலெக்சாண்டர் பெல் என்று பேரை மாற்றி, கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, தெற்கு டகோட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகிவிட்டார். மாணவர்களுக்கு அவரென்றால் கொள்ளைப் பிரியம். டீன் பதவிகூடக் கிடைத்தது. இந்தக் கதையில் நல்லபடியாக ரிட்டயர் ஆனவர் அவர் ஒருவர்தான்.

இதற்குப் பிறகு ஒக்ரானா திருந்தியிருக்கும் என்று நினைப்பவர்கள் அரசாங்க வேலை பார்த்ததில்லை. திருந்தவில்லை, முறைப்படுத்திக்கொண்டது. மாஸ்கோ ஒக்ரானாவின் தலைவர் செர்கெய் சுபாத்தொவ், தானே வாலிபத்தில் இன்ஃபார்மராக இருந்தவர். கீழதிகாரிகளுக்கு அவர் சொல்லிக் கொடுத்த பாடம் பிரசித்தம்: உன் ஒற்றனை ஊருக்குத் தெரியாமல் காதலிக்கும் பெண்ணைப்போலப் பார்த்துக்கொள், ஒரு தப்படி வைத்தாலும் அவள் மானம் போய்விடும். அருமையான புத்திமதி. காதலியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது ஒன்றுதான் அதில் இருந்த சிக்கல்.

அப்படிக் காதலிக்கப்பட்டவர்களில் தலைசிறந்தவர் யெவ்னோ அசெப். ஜெர்மனியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1893-ல், தானாகவே போலீசுக்குக் கடிதம் எழுதி வேலை கேட்டவர். தொடக்கச் சம்பளம் மாதம் 50 ரூபிள். சோஷலிசப் புரட்சியாளர் கட்சியில் சேர்ந்து மளமளவென்று உயர்ந்தார். கட்சியில் ஒரு படி ஏறினால் போலீசில் சம்பளம் ஏறும். 1903 மே மாதம், மந்திரிகளையும் கவர்னர்களையும் கொல்வதற்கென்றே கட்சி வைத்திருந்த ‘போர் அமைப்பின்’ தலைவர் கெர்ஷூனி கைதானார். காலியான நாற்காலியில் அசெப் உட்கார்ந்தார். அதாவது, தீவிரவாதத்தை ஒழிக்க அரசு வைத்திருந்த ஆட்களில் முதல்தரமானவரே தீவிரவாதிகளின் தலைவர். போலீஸ் இலாகாவில் இனிப்பு வழங்காத குறை.

கணக்கு எங்கே உதைக்கிறது என்று பாருங்கள். குண்டு ஒன்றும் வெடிக்காவிட்டால் அசெப்பைக் கட்சி சந்தேகப்படும். கட்சி சந்தேகப்பட்டால் பதவி போகும். பதவி போனால் போலீசுக்கு அவரால் பயனில்லை. ஆக, போலீஸ் சம்பளம் நிற்காமல் வர வேண்டுமென்றால் அவ்வப்போது ஒரு பெரிய மனிதர் சாக வேண்டும். அசெப் நியாயஸ்தர். சில சதிகளைப் போலீசுக்குக் கொடுத்தார், சிலவற்றைக் கட்சிக்கு விட்டுவைத்தார்.

கட்சிக்கு விட்டுவைத்தவற்றில் முதலாவது உள்துறை மந்திரி ப்ளேவே. போலீஸ் இலாகா முழுவதும் அவர் கீழ்தான், ஆகவே அசெப்பின் சம்பளமும். மந்திரி எந்தத் தெருவில், எத்தனை மணிக்குப் போகிறார் என்று வேவு பார்க்க, புரட்சிக்காரர்கள் குதிரைவண்டிக்காரர்களாக வேஷம் போட்டுக்கொண்டு பீட்டர்ஸ்பர்க் தெருக்களில் நின்றார்கள். ஒக்ரானாவின் வேவுகாரர்களும் அதே குதிரைவண்டி வேஷத்தில் அதே ஊரில் நின்றார்கள். இலாகாவுக்கென்று சொந்தமாகவே குதிரைகளும் வண்டிகளும் இருந்தன. நிஜமாகவே அவசரமாக எங்கோ போக வேண்டியிருந்த பீட்டர்ஸ்பர்க்வாசி அந்த வருஷம் எவ்வளவு நேரம் தெருமுனையில் கைதட்டிக்கொண்டு நின்றாரோ! நடுவே, சவின்கொவ் என்ற புரட்சிக்காரர் பணக்கார ஆங்கிலேயராக நடித்துப் பெரிய வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். ஆசைநாயகி, சமையற்காரி, சேவகன் எல்லாரும் கட்சித் தோழர்களே.

1904 ஜூலையில் ப்ளேவேயின் வண்டி தூள் தூளானது. அடுத்த பிப்ரவரியில், ஜாரின் சித்தப்பா செர்கெய் கிரெம்ளினுக்குள்ளேயே குண்டுக்கு இரையானார். அசெப்பின் சம்பளம் போகப் போக மாதம் 1,000 ரூபிளைத் தொட்டது.

அவரைக் கடைசியில் மாட்டிவிட்டது எந்தப் போலீசும் அல்ல, விளாதிமிர் பூர்ட்செவ் என்ற பத்திரிகையாசிரியர். 1908 செப்டம்பரில் கொலோனிலிருந்து பெர்லினுக்குப் போகும் ரயிலில், போலீஸ் இலாகாவின் முன்னாள் இயக்குநர் லொப்பூஹின் ஏறியிருந்த பெட்டியில் பூர்ட்செவும் ஏறினார். மணிக்கணக்காகப் பேசினார். உங்களிடம் வேலை பார்த்த ஒருவன்தான் ப்ளேவேயைக் கொன்றான் என்று நாள், ஊர், சாட்சி எல்லாவற்றையும் அடுக்கினார். லொப்பூஹின் வாயைத் திறக்கவில்லை. பேரை மட்டும் சொல்லுங்கள், போதும் என்று பூர்ட்செவ் விடாமல் நச்சரிக்கவே, கடைசியில் இன்ஜினியர் அசெப்பைத் தனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டார்.

அசெப் இரண்டு தரப்புக்கும் டிமிக்கி கொடுத்துவிட்டு பெர்லினில் பங்குத் தரகராகக் குடியேறினார். சேர்த்த பணத்தைப் போய் ரஷ்ய அரசுப் பத்திரங்களில் போட்டார். 1914-ல் போர் வந்ததும் எல்லாம் போச்சு. மறுவருஷம் அபாயகரமான புரட்சிக்காரர் என்று சொல்லி ஜெர்மன் போலீஸ் அவரை உள்ளே தள்ளியது. உண்மையைச் சொன்ன லொப்பூஹினுக்கு என்ன கிடைத்தது? அரசு ரகசியத்தை வெளியிட்டதாக வழக்கும், சைபீரியாவும்.

இத்தனைக்கும் பிறகு 1909 டிசம்பரில், பீட்டர்ஸ்பர்க் ஒக்ரானாவின் புதுத் தலைவர் கர்னல் கார்ப்பொவ், பெத்ரொவ் என்ற தன் ஒற்றரின் வீட்டுக்குப் போனார். பெத்ரொவும் கைதாகி, மனம் மாறியதாகச் சொல்லி, போலீஸ் உதவியோடு ‘தப்பி’, வெளிநாட்டில் கட்சியிடம் எல்லாவற்றையும் கக்கிவிட்டு வந்தவர்தான். மேஜைக்கு அடியில் குண்டு இருந்தது. சுதெய்கினின் ஃபைலை அந்த ஆபீசில் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

1911 செப்டம்பரில் கீவ் நகரத்து முறை. பிரதமர் ஸ்தொலீப்பினைக் கொல்ல வந்த கூட்டாளிகள் என் வீட்டில் தங்கியிருக்கிறார்கள் என்று பொக்ரொவ் என்ற இன்ஃபார்மர் சொன்னார். அப்படி யாருமே கிடையாது. கீவ் ஒக்ரானாவின் தலைவர் குல்யாப்கோ அந்தக் காலி வீட்டைச் சுற்றிக் காவல் போட்டார். பிரதமர் போகவிருந்த ஆபெராவுக்குப் பொக்ரொவ் கையில் டிக்கெட்டும் கொடுத்தார். இடைவேளையில், அவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார். பொக்ரொவ் போய்விட்டு வந்து, இருக்கிறார்கள் என்றார். அடுத்த இடைவேளையில் பிரதமரைச் சுட்டார். அவர் சட்டைப்பையை யாரும் தடவிப் பார்க்கவில்லை. நம்ம பையன் அல்லவா!

அடுத்த வருஷம் போல்ஷெவிக் கட்சியின் ரோமன் மலினோவ்ஸ்கி நாடாளுமன்றமான தூமாவுக்குத் தேர்வானார். அவரும் சம்பளப் பட்டியலில் இருந்தவரே. பழைய திருட்டுக் குற்றங்கள் தேர்தலுக்குத் தடையாகாமல் போலீஸ் பார்த்துக்கொண்டது. சபையில் அவர் முழங்க வேண்டிய உரையை லெனினும் பார்ப்பார், போலீஸ் இலாகா இயக்குநரும் பார்ப்பார். அரசைத் திட்டி அரசே திருத்திக் கொடுத்த பேச்சுக்குக் கைதட்டல் பலம்.

1917-ன் தொடக்கத்தில், தலைநகரின் ஒக்ரானா தலைவர் குளோபாச்செவ் மேலிடத்துக்கு அறிக்கைமேல் அறிக்கை அனுப்பினார். ரொட்டி கிடைக்கவில்லை, ஜனங்கள் கொதிக்கிறார்கள், நிலைமை கைமீறப் போகிறது என்றார். அசெப் சொன்னதை எல்லாம் நம்பி, பொக்ரொவுக்கு டிக்கெட் கொடுத்து, மலினோவ்ஸ்கிக்குப் பேச்சுத் திருத்திய அரசாங்கம் இந்த ஒன்றை மட்டும் நம்பவில்லை. அடுத்த சில வாரங்களில் ஜாரும் இல்லை, ஒக்ரானாவும் இல்லை. குளோபாச்செவ் மேல் தப்பில்லை. கேட்பவர் மனம் குளிர எழுதும் கலையை அவருக்கு எந்த இன்ஃபார்மரும் சொல்லித் தரவில்லை.