வீட்டோடு கடற்கரைக்குப் போதல்: கந்தளாய்க்கு ஒரு கடிதம்

மோட்டார்ஹோம் என்பது அடுப்பு, படுக்கை, கழிவறை, தண்ணீர்த் தாங்கி எல்லாம் பொருத்திய ஒரு வாகனம். பிரான்சில் கம்பிங்கார் என்பார்கள். இக்கடிதம் இலங்கையின் கந்தளாயில் சத்தமாக வாசிக்கப்படும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் பெரியம்மாவிடமிருந்து முதலில் வரக்கூடியது, "வீடு இருக்கேக்க ஏன் இன்னொரு வீட்டையும் கொண்டு திரியிறியள்?" என்ற கேள்வி. காரணம் சூரியன். டிசம்பர் கடைசியில் பாரிஸில் அது காலை எட்டே முக்கால் அளவில் வேலைக்கு வந்து, மாலை ஐந்து மணிக்கு முன்பே வீட்டுக்குப் போய்விடும். இடைப்பட்ட நேரத்திலும் பெரும்பாலும் மேகத்துக்குப் பின்னால்தான். வடஐரோப்பாவின் ஓய்வூதியக்காரர் பலர் இதற்கு நெடுங்காலமாகக் கண்டு வைத்திருக்கும் வழி, மாரியில் வாகனத்தைத் தெற்கே திருப்பி மத்தியதரைக் கடலோரத்தில் நிறுத்திவிடுவது. கந்தளாயிலிருந்து போய்ப் பாரிஸ் புறநகரில் குடியேறிய குடும்பம் ஒன்று இந்த மாரிக்குத் திட்டமிடுவதும் அதையே.

திட்டத்தின் முதற்படி வெப்பத்தைப் பற்றிய எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது. ஜனவரிப் பகலில் பிரான்சின் நீஸ் நகரில் 13 பாகை, ஸ்பெயினின் மாலகாவில் 17 பாகை. பாரிஸில் இருந்து போகிறவர் அந்த 17 பாகைக்குச் சட்டைக் கையை மடித்துவிடுவார். கந்தளாயில் அதே குளிர் வந்தால் ஊரே போர்வைக்குள் போகும். கடல் நீர் ஏறத்தாழ 15 பாகை. பார்க்கலாம், இறங்க முடியாது. 27 பாகைக் கடலை 40 கிலோமீற்றரில், திருகோணமலையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறைகூட எட்டிப் பாராதவர்களுக்கு, இறங்க முடியாத கடலுக்காக 1,800 கிலோமீற்றர் ஓடுவது விளங்காது. ஓடுகிறவர்களுக்கும் அது முழுதாக விளங்கியதாகச் சொல்ல முடியாது.

அடுத்தது பாதை. லியோனைக் கடந்து ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே இறங்கினால் தெற்கில் பாதை இரண்டாகப் பிரியும். கிழக்கே நீஸ், மந்தோன். பெப்ரவரியில் மந்தோனில் எலுமிச்சைத் திருவிழா நடக்கும். தோடம்பழத்தாலும் எலுமிச்சையாலும் கோபுர அளவில் உருவங்கள் செய்து நிறுத்துவார்கள். ஆனால் இக்கரையில் மலைவீதிகள் ஒடுக்கம். கடற்கரைத் தரிப்பிடங்கள் பலவற்றின் வாசலில் இரண்டு மீற்றர் உயரத்தில் இரும்புக் குறுக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். மூன்று மீற்றரைத் தொடும் வாகனத்துக்கு அது சொல்லும் செய்தி தெளிவானது. கிழக்கே போவதற்குக் கந்தளாய்க்காரருக்கென்று ஒரு காரணம் உண்டு. பிரேஜுஸ் நகருக்கு மேலே இருந்த மல்பாசே அணை 1959 டிசம்பர் 2 இரவு உடைந்து 423 பேரைக் கொண்டுபோனது. கொங்கிரீட் இடிபாடு இன்றும் அங்கேயே நிற்கிறது, நடந்து போய்ப் பார்க்கலாம். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை நினைவில் வைத்திருக்கும் ஊருக்கு அந்த இடத்தைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை.

மேற்கே போனால் பெர்பினியோன், பிறகு ஸ்பெயின். எல்லையிலிருந்து தெற்கே இறங்கும் ஏ.பி.-7 நெடுஞ்சாலையில் அலிகாந்தே வரையான நீண்ட பகுதிகளுக்கு 2020, 2021 ஆண்டுகளில் சுங்கக் கட்டணம் எடுபட்டுவிட்டது. குடும்ப வாக்கெடுப்பில் மேற்கு வெல்வதற்கு இதுவே போதும். பிரான்சில் கட்டணம் உயரத்தைப் பொறுத்தது. மூன்று மீற்றருக்குக் குறைந்தால் இரண்டாம் வகுப்பு, அதைத் தொட்டால் மூன்றாம் வகுப்பு. கூரையில் ஒரு பெட்டியைக் கட்டுவதற்கு முன் அளவுநாடாவை எடுப்பது நல்லது.

பயணத்தின் உண்மையான பகை எடை. சாதாரண கார் லைசன்ஸ் உள்ளவர் ஓட்டக்கூடியது 3,500 கிலோ வரை. புறப்படத் தயாரான நிலையிலேயே 3,000 கிலோவைத் தாண்டும் வாகனங்கள் ஏராளம். அந்தக் கணக்கில் ஓட்டுநரும் அடக்கம், ஆனால் அவர் 75 கிலோ என்று சட்டம் கருதுகிறது. சட்டம் வாகனத்தை ஓட்டப்போகும் மாமாவைப் பார்த்ததில்லை. மீதமுள்ள சில நூறு கிலோவுக்குள் மற்றப் பயணிகள், உடுப்பு, தண்ணீர், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் அடங்க வேண்டும். பாரிஸின் லா சப்பல் தமிழ்க் கடைகளில் வாங்கும் 20 கிலோ அரிசிப் பை, புட்டு மா, இடியப்ப மா, தேங்காய், மிளகாய்த்தூள், கருவாடு, "இருக்கட்டும்" என்று சொல்லி வைக்கப்படும் இன்னொரு அரிசிப் பை. ஸ்பெயினிலும் அரிசி விளைகிறது, வலென்சியாவை அடுத்த அல்புபேரா ஏரியோரம் முழுக்க வயல்தான் என்று எடுத்துச் சொல்லப்பட்டது. அது பாயேயா என்ற அவர்களுடைய சோற்றுக்கு ஏற்ற குண்டரிசி, குழம்புக்கு ஒத்துவராது என்ற தீர்ப்புடன் இரண்டாவது பை வாகனத்திலேயே இருந்தது.

அடுப்புக்குக் காஸ். பியூட்டேன் சுழியப் பாகைக்குச் சற்றுக் கீழே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். ஆகவே மாரியில் ஏற்ற வேண்டியது புரொப்பேன். நாட்டுக்கு நாடு சிலிண்டர் வாய் மாறும், ஒரு நாட்டின் வெறும் சிலிண்டரை மற்ற நாட்டில் மாற்றித் தரமாட்டார்கள். ஸ்பெயினில் வீடு வீடாகப் போகும் செம்மஞ்சள் நிறப் பியூட்டேன் சிலிண்டர் 12.5 கிலோ. 2022 தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று அதே அளவுச் சிலிண்டர் எடுத்த இலங்கைக்காரருக்கு அந்த எடை கைக்கே தெரியும். முட்டையைப் பொரித்து ரொட்டியோடு உண்ணும் ஒல்லாந்து ஓய்வூதியக்காரருக்குப் பல வாரம் போதும் காஸ், காலையில் புட்டு, இரவில் இடியப்பம் அவிக்கும் வீட்டில் எத்தனை நாள் நிற்கும் என்பதை எந்தக் கைநூலும் கணக்கிட்டுத் தரவில்லை.

மின்சாரத்திலும் இதே சிக்கல். முகாம் திடல்கள் பலவற்றில் கிடைப்பது 6 அம்பியர், அதாவது ஏறத்தாழ 1,380 வாற்று. சோற்றுக் குக்கர் 700, மிக்சி 750. சோறு வேகும்போது சம்பல் அரைக்கப்படாது. மறந்து கேத்தலையும் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழும். சில திடல்களில் அதைத் தூக்கிவிட அலுவலகத்தில் இருந்து ஆள் வர வேண்டும். தண்ணீர்த் தாங்கியின் கொள்ளளவு பெரும்பாலும் 100 லீற்றர். குளக்கோட்டன் மன்னன் கட்டியதாகச் சொல்லப்படும் கந்தளாய்க் குளத்தில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இதை நம்பவைக்கவே ஒரு நாள் போய்விடும்.

கடதாசிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு நாள் கணக்குப் பார்க்கும் தொல்லை பெரிதாக இல்லை. வதிவிட அட்டை மட்டும் உள்ளவர் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் நிற்கலாம். ஊரிலிருந்து விசாவில் வந்திருக்கும் விருந்தாளிக்கு விசாவில் உள்ள நாள் மட்டுமே. ஒரே வாகனத்தில் மூன்று நாட்காட்டிகள் ஓடும். முதலில் முடிவதைப் பார்த்துத்தான் எல்லோரும் திரும்ப வேண்டும்.

நிறுத்தும் இடத்தில் ஸ்பெயின் தாராளமானது, ஆனால் நுணுக்கமானது. சக்கரங்கள் மட்டும் நிலத்தைத் தொட்டிருந்தால் அது தரிப்பு. உள்ளே சமைக்கலாம், தூங்கலாம். கதிரையை வெளியே போட்டாலோ நிழற்சீலையை விரித்தாலோ அது முகாமிடுதல், அதற்கு அனுமதி வேண்டும். கருவாட்டுக் குழம்பின் வாசம் வெளியே போவது எதில் சேரும் என்பது தெளிவுபடுத்தப்படவில்லை. கடற்கரை மணலில் நிறுத்துவதை 1988ஆம் ஆண்டின் கரையோரச் சட்டம் அடியோடு தடுக்கிறது. ரம்ப்லா எனப்படும் வரண்ட ஆற்றுப்படுக்கைகள் நிறுத்துவதற்கு மிக வசதியாகத் தெரியும். அங்கே மட்டும் நிறுத்தக்கூடாது. இக்கரைக்கு மழை மாரியை ஒட்டியே வரும், வரும்போது மொத்தமாக வரும். 2024 ஒக்டோபர் 29இல் வலென்சியாப் பகுதி வெள்ளத்தில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கந்தளாய்க்காரர் தவறவிடக்கூடாத இடம் மாலகாவுக்குக் கிழக்கே உள்ள மொத்ரில், சலொப்ரேஞா கரை. பனிமலை வடகாற்றை மறிப்பதால் ஐரோப்பாவில் கரும்பு விளைந்த அரிய இடங்களில் இதுவும் ஒன்று. அரபிகள் கொண்டுவந்த பயிர். ஐரோப்பியப் பெருநிலத்தின் கடைசிக் கரும்பாலை இங்கே 2006இல் மூடப்பட்டது. கந்தளாய்ச் சீனி ஆலை 1993இலேயே மூடியதால் பதின்மூன்று ஆண்டு முந்திக்கொண்டது கந்தளாய்தான். வேறுபாடு, மொத்ரிலில் கரும்புக்கு ஓர் அருங்காட்சியகம் வைத்துக் காட்டுகிறார்கள். கரும்பு இருந்த நிலத்தில் இப்போது அவகாடோவும், சீத்தாப்பழத்துக்கு ஒன்றுவிட்ட உறவான செரிமோயாவும். செரிமோயா மாரியில்தான் பழுக்கும். விலையை ரூபாவாக மாற்றிப் பார்க்காமல் சாப்பிட வேண்டும்.

திரும்பும் வழியில் குளிர் மறுபடி பிடிக்கும். சுடுதண்ணீர்த் தாங்கி உறைந்து வெடிக்காமலிருக்க, வெப்பம் 3 பாகையளவுக்கு இறங்கியதும் தானாகத் திறந்து நீரை வெளியே விடும் வால்வு ஒன்று பல வாகனங்களில் உண்டு. லியோனுக்கு அருகே இரவு தங்கினால் விடியும்போது தாங்கி காலியாக இருக்கும், வாகனத்துக்குக் கீழே ஒரு பனித்தட்டு கிடக்கும். பழுது எதுவும் இல்லை. அந்தக் காலைக்காக ஐந்து லீற்றர் தண்ணீர் போத்தலில் தனியே எடுத்து வைக்கப்படுகிறது. அதன் ஐந்து கிலோவுக்கு இடம் விட்டு இரண்டாவது அரிசிப் பையிலிருந்து ஐந்து கிலோவை இறக்குவது பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.