இரண்டாவது சம்பவம் எங்கே?

காலை பத்து மணி ஸ்டாண்ட்-அப்பில் மூன்று கேள்விகள். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், எங்கே தடை. ஹைதராபாத் மாதாப்பூரில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் இதே மூன்றுதான். எங்கள் லீடுக்கு முதல் கேள்வி மட்டும் போதும். மற்ற இரண்டையும் அவர் காதில் வாங்கி யாரும் பார்த்ததில்லை. நேற்று என்றால் இறந்தகாலம். இறந்தகாலம் அவர் பெயரில் பட்டாவான நிலம்.

“ஐ ஹேட் ஃபினிஷ்ட் தி லாகின் பேஜ் யெஸ்டர்டே” என்று திருநெல்வேலிப் பையன் ஆரம்பிப்பான். அவர் கை மேலே போகும்.

“ஹேட் ஃபினிஷ்ட். சரி. இரண்டாவது சம்பவம் எங்கே?”

பையன் முழிப்பான்.

“ஹேட் போட்டா ரெண்டு சம்பவம் வேணும்பா. முன்னால நடந்ததுக்கு ஹேட், பின்னால நடந்ததுக்கு வெறும் பாஸ்ட் டென்ஸ். பேஜை முடிச்சே. அப்புறம் என்ன நடந்தது?”

“அப்புறம்... ரூமுக்குப் போயிட்டேன் சார்.”

“அதைச் சொல்லேன்! ஐ ஹேட் ஃபினிஷ்ட் தி பேஜ் பிஃபோர் ஐ வென்ட் ஹோம். இப்ப நிக்குது பாரு வாக்கியம்.”

வாக்கியம் நிற்கும். கூடவே டீம் முழுக்க நிற்கும். கால் வலித்தால் பதினைந்து நிமிஷத்தில் முடிப்பார்கள் என்று நம்பித்தான் இந்தக் கூட்டத்துக்கு நாற்காலி வைக்காமல் விட்டிருக்கிறார்கள். இவருக்குக் கால் வலிப்பதில்லை. ‘பிஃபோர்’ வந்துவிட்டால் ஹேட் இல்லாமலே அந்த வாக்கியம் நிற்கும் என்று இலக்கணப் புத்தகங்களே சொல்கின்றன. அதை அவரிடம் சொல்லிவிட்டு அப்ரைசலுக்கு யார் போய் உட்காருவது?

தெலுங்குப் பிள்ளைகள் இவருக்கு ‘ஹேட் காரு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காரு என்பது தெலுங்கில் மரியாதைச் சொல். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. பிழைக்கும் வழியும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இரண்டாவது சம்பவத்தை வீட்டிலிருந்தே கையோடு எடுத்து வருகிறார்கள். “ஐ ஹேட் கான் டு திருப்பதி” என்று சொன்ன விஜயவாடாப் பெண், அவர் கை உயர்வதைப் பார்த்ததும் “பிஃபோர் யூ ஆஸ்க்ட் மி, சார்” என்று சேர்த்துவிட்டாள். அன்றைக்கு அவர் முகத்தில் தெரிந்த பூரிப்பைத் திருப்பதியில் நிறைய லட்டு வாங்கியவர் முகத்தில்கூடப் பார்க்க முடியாது.

அவர் சொல்வது தப்பில்லை, அதுதான் கொடுமை. இந்தியா முழுக்க ஹேட்டைத் தாராளமாகத்தான் இறைக்கிறோம். இந்திக்காரருக்கு ‘கயா தா’ வாயில் நிற்கிறது. சார்மினார் பக்கத்துத் தக்கனியிலும் அதே ‘தா’. நமக்குப் ‘போயிருந்தேன்’ இருக்கிறது. ‘நேத்து கல்யாணத்துக்குப் போயிருந்தேன்’ என்றால் நம்மிடம் யாரும் இரண்டாவது சம்பவம் கேட்பதில்லை. சாப்பாடு எப்படி என்றுதான் கேட்பார்கள். அதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கினால் ஹேட் வந்து விழுகிறது. இத்தனை பேர் இத்தனை காலமாகச் சொன்ன பிறகு அதற்கு ஒரு குடியுரிமை கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி. அவர் கட்சி ரென் அண்ட் மார்ட்டின்.

அந்த இலக்கணப் புத்தகம் அவர் மேஜையில் மானிட்டருக்கு அடியில் இருக்கிறது, உயரத்துக்காகவும் பக்திக்காகவும். பி.சி. ரென் 1924-ல் ‘போ ஜெஸ்ட்’ என்று சாகச நாவல் எழுதியவர் என்பதும், நம் கைக்கு வரும் பதிப்பைத் திருத்தியவர் என்.டி.வி. பிரசாத ராவ் என்பதும் அவருக்கு மனப்பாடம். உதாரணங்களை மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்து எடுப்பார். “வாஜ்பாயி 1998-ல சைபர் டவர்ஸைத் திறந்தார். இன்னாகுரேட்டட். ஒரே சம்பவம், ஹேட் கிடையாது. ஆனா 2019-ல ஹைடெக் சிட்டிக்கு மெட்ரோ வந்தப்போ சைபர் டவர்ஸ் ஏற்கெனவே வந்திருந்தது. ஹேட் கம் அப். ரெண்டு சம்பவம். புரியுதா?” புரிகிறது. ஜன்னலுக்கு வெளியே சைபர் டவர்ஸ் சிக்னலில் வண்டிகள் நிகழ்காலத் தொடர்வினையில் நிற்பதும் தெரிகிறது.

தூக்கில் போட்டால் ஹேங்க்ட், சட்டையை மாட்டினால் ஹங் என்பதிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. அதற்கு ஆபீஸில் வாய்ப்புக் குறைவு. ‘டிட் நாட் வென்ட்’ கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு ராத்திரி சர்வர் விழுந்தது. வாடிக்கையாளர் அமெரிக்காவில் கொதிக்கிறார். குரூப்பில் யாரோ பதற்றத்தில் “சர்வர் ஹேட் வென்ட் டௌன்” என்று போட்டான். அடுத்த நொடி லீடிடமிருந்து பதில்: ஒரு நட்சத்திரக் குறி, பக்கத்தில் ‘கான்’. பிறகு, ஹேட் கானா அல்லது வெறும் வென்ட்டா என்று ஒரு விளக்கம். பிறகு, இரண்டாவது சம்பவம் எங்கே. அது தீர்மானமாவதற்குள் போன சர்வர் தானே திரும்பி வந்திருந்தது.

அந்த அமெரிக்கர் “டிட் யூ ஃபிக்ஸ் இட் யெட்?” என்று கேட்பார். பிரிட்டிஷ் வழக்கப்படி ‘ஹேவ் யூ ஃபிக்ஸ்ட்’ என்றல்லவா இருக்க வேண்டும்? நம்மவர் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு எங்களுக்கு மட்டும் திருத்திக் காட்டுவார். மியூட்டை எடுத்ததும் “யெஸ் யெஸ்” என்பார். டாலர் கொடுப்பவருக்கு ரென் அண்ட் மார்ட்டின் கொஞ்சம் தளர்வு தருகிறது போலும்.

அவரைத் தோற்கடித்த ஒரே ஆள் லினஸ் டோர்வால்ட்ஸ். 2005-ல் லினஸ் உருவாக்கிய, கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் கமிட் செய்தி எழுதும்போது ‘ஃபிக்ஸ்ட்’ என்று எழுதக் கூடாது. ஏவலாக ‘ஃபிக்ஸ்’ என்றே எழுத வேண்டும் என்பது அதன் ஆவணத்திலேயே இருக்கிறது. விஜயவாடாப் பெண் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். செய்து முடித்த வேலையை எழுத இறந்தகாலம் வேண்டாமா என்று இரண்டு நாள் புலம்பினார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். அந்தத் திருநெல்வேலிப் பையன் சேர்ந்த புதிதில் கிளையண்ட் காலில் வாயே திறக்க மாட்டான். சாயங்காலம் கேன்டீனில் ஒரு டீயும் உஸ்மானியா பிஸ்கட்டுமாக அவனை உட்காரவைத்து, பொறுமையாக, ஒரு கிண்டல் இல்லாமல் பேசப் பழக்கியவர் இவர்தான். இப்போது அவன் பேசுகிறான், ஹேட் போட்டுத்தான், ஆனாலும் பேசுகிறான். கேன்டீனில் இருந்த அந்த மனிதர் காலை பத்து மணிக்கு எங்கே போய்விடுகிறார் என்பதுதான் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. விஜயவாடாப் பெண்ணின் பாட்டி தவறிப்போனார். விடியற்காலையில் பஸ்ஸில் இருந்தபடி லீவ் கேட்டு மெயில் போட்டாள்: “மை கிராண்ட்மதர் ஹேட் எக்ஸ்பயர்ட்.” பதிலில் லீவ் கிடைத்தது. அதற்கு மேல் வரியில் ஹேட் அடிக்கோடு போட்டு வந்தது. செத்துப்போன பாட்டிக்கு இரண்டாவது சம்பவத்துக்கு எங்கே போவாள் அவள்? இதற்கு இலக்கணத்தில் இடமிருக்கலாம். மனிதர்கள் செய்கிற காரியமில்லை.

இத்தனைக்கும் தமிழில் இவர் காலத்தைக் கையாளும் விதத்தைக் கேட்க வேண்டும். மழை நாளில் கொண்டாப்பூரில் வீட்டு வாசலில் செருப்புத் தேடிக்கொண்டே போனில் “வந்துட்டேன், வந்துட்டேன்” என்பார். விரைவு கருதினால் வரப்போவதை வந்ததாகச் சொல்லலாம் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இடம் கொடுத்திருக்கிறார், ஆகவே விட்டுவிடலாம். ஆங்கிலத்திலும் அதையே செய்கிறாரே, அதைத்தான் விட முடியவில்லை.

போன வாரம் ஸ்டாண்ட்-அப்பில் “ஐ ஃபிக்ஸ்ட் தி பேமென்ட் பக் யெஸ்டர்டே” என்றார். ஒரே சம்பவம், வெறும் பாஸ்ட் டென்ஸ், அப்பழுக்கற்ற வாக்கியம். மதியம் பார்த்தால் பக் அப்படியே இருக்கிறது. கோடில் ஒரு வரி தொடப்படவில்லை. சாயங்காலம் திருநெல்வேலிப் பையன் வந்து “ஐ டிட் ஃபிக்ஸ்ட் இட், சார்” என்றான். பேமென்ட் போனது. இவர் கை உயர்ந்தது.

ஹெச்.ஆருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பதவி உயர்வில் இவரைத் தயவுசெய்து விற்பனைப் பிரிவுக்கு அனுப்பிவையுங்கள். அங்கே யாரும் எதிர்காலத்தைத் தவிர வேறெதிலும் பேசுவதில்லை.