சோக்கை இழுங்க தம்பி

பழைய அம்பாசடர் காலையில் கிளம்ப மறுக்கும் இடத்திலெல்லாம் தானாகத் தோன்றுபவர் யோசனைக்காரர். சமவெளியிலும் இவர் உண்டு. ஆனால் செழித்து வாழ்வது நீலகிரியில், அதிலும் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெளுக்க உறைபனி விழும் வாரங்களில். மங்கி குல்லா, ஸ்வெட்டருக்கு மேல் ஒரு சால்வை, கையில் பாதி குடித்த டீ என்று வருவார். சொந்தமாக வண்டி இருக்காது. ஒரு காலத்தில் பத்மினி கார் வைத்திருந்ததாகச் சொல்வார். அதை விற்ற காரணத்தைச் சொல்ல மாட்டார்.

சாவியை இரண்டாம் முறை திருப்பும்வரை இவர் வர மாட்டார். மூன்றாம் முறைக்குள் ஜன்னலருகில் நிற்பார். முதல் வாக்கியம் எப்போதும் “சோக்கை இழுங்க தம்பி.” யோசனையில் பிழையில்லை. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. சோக்கை இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வினை இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது: “ஆக்ஸிலேட்டரை நல்லா மிதிங்க.” ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே மேட்டுப்பாளையத்தில் டியூன் செய்த கார்புரேட்டர், மேலே வந்தாலே பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கும். அதற்கு மேல் சோக்கும் மிதியும் சேர்ந்தால் பிளக் நனைந்துவிடும். பெட்ரோல் வாசனை தெரு முழுக்க வரும். அவர் மூக்குக்கு மட்டும் அது டீ வாசனை.

சாவியைத் திருப்பும்போது கேட்கும் சத்தத்திலேயே பாதி நோய் தெரிந்துவிடும். வெறும் ‘டிக்’ என்றால் முதலில் பேட்டரியையும் டெர்மினலையும் பார்க்க வேண்டும். செல்ஃப் முனகி முனகிச் சுற்றினால் பேட்டரி இளைத்திருக்கலாம், ஆயில் இறுகியிருக்கலாம், பெரும்பாலும் இரண்டும். விறுவிறுவென்று சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் கோளாறு கரண்டிலோ பெட்ரோலிலோ இருக்கும். யோசனைக்காரர் இந்த மூன்றில் ஒன்றையும் கேட்டதில்லை. சாவி திரும்பும் நேரத்தில் பத்மினி கதை ஓடிக்கொண்டிருக்கும்.

பேட்டரிப் பக்கம் வந்தால் அவருக்கு உற்சாகம் பிறக்கும். குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் ரசாயன வினை மந்தமாகும், அதே நேரத்தில் இறுகிய ஆயிலைக் கலக்க எஞ்சினுக்குக் கூடுதல் பலம் வேண்டும். வரவு குறையும் காலையில் செலவு கூடும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அந்தக் கொஞ்ச நஞ்சமும் போய்ச் சேராது. சோடா உப்பு கலந்த வெந்நீர் ஊற்றித் துடைப்பது நல்ல வைத்தியம். யோசனைக்காரரும் வெந்நீர்தான் சொல்வார். டீக்கடையிலிருந்து ஒரு செம்பு வாங்கிவந்து, பானெட்டைத் திறக்கச் சொல்லி, தாராளமாக ஊற்றுவார். டெர்மினலில் கொஞ்சம் விழும். மிச்சம் டிஸ்ட்ரிபியூட்டர் மேல் தெறிக்கும். அதன் மூடிக்குள் ஈரம் ஏறினால் பொறி பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். இதுவரை ஒரு கோளாறோடு நின்ற வண்டிக்கு இப்போது இரண்டு. மூடியைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, வயர்களையும் துடைத்துப் போட்டால் தீரும். அதற்குள் அவர் செம்பைத் திருப்பிக் கொடுக்கப் போயிருப்பார்.

டீசல் வண்டியென்றாலும் அவர் சோக்கையே இழுக்கச் சொல்வார். டீசலுக்குச் சோக் கிடையாது. பழைய டீசல் அம்பாசடரில் ஹீட்டர் பிளக் சூடாகச் சில விநாடி பொறுத்து, பிறகு செல்ஃப் அடிக்க வேண்டும். பொறுப்பது என்ற யோசனையை அவர் யாருக்கும் வழங்கியதில்லை.

பழைய அம்பாசடர்களில் கைப்பிடி போட்டுச் சுற்றவும் வழி உண்டு. கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால், எஞ்சின் எதிர்த்து உதைக்கும்போது விரல் முறியும். இதை அவர் மிகச் சரியாகச் சொல்லித்தருவார். சுற்ற மட்டும் மாட்டார், தோள்பட்டை வலி.

கடைசியில் தள்ளுவது. மலைவாசிகள் ராத்திரியே வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். இக்னிஷனைப் போட்டு, செகண்ட் கியரில் கிளட்சை மிதித்து, வண்டி ஓடத் தொடங்கியதும் கிளட்சை விட வேண்டும். யோசனைக்காரர் செய்யும் ஒரே உடலுழைப்பு கல்லை எடுப்பது. டிரைவர் சீட்டில் ஆள் ஏறினாரா என்று பார்க்காமல் எடுப்பார்.

வண்டி பிடித்துக்கொண்டால், “முதல்லயே சோக்குன்னு சொன்னேனே” என்று டீக்கடைப் பெஞ்சில் விளக்கம் நடக்கும். பிடிக்காமல் போய் மெக்கானிக் வந்தால், அவர் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக்கொடுப்பார். மெக்கானிக் கேட்டது பத்தாம் நம்பர், இவர் நீட்டுவது பன்னிரண்டு.